மனநலத்தில் நூற்றுக்கு நூறு

"இன்னியோட அந்த வகுப்புக்கு முழுக்கு. சொல்லிட்டேன்" என்று சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டியபடியே கணவர் அறிவித்தார்.

"பாடம்தாங்க இன்னியோட முடியுது. நாங்க எட்டு அம்மாக்களும் சனிக்கிழமையானா கூடறதா இருக்கோம்."

"கூடி? புருஷனைப் பத்திப் புலம்பவா?"

"உங்க வரைக்கும் வர நேரமே பத்தறதில்லைங்க."

கணவர் மின்சார அலுவலகத்தில் புகார்ப் பிரிவு அதிகாரி. ஊரார் குறைகளை முகம் சுளிக்காமல் கேட்பவர் என்று பெயரெடுத்தவர். அங்கே உழைத்துக் களைத்த காதுக்கு வீட்டில் முழு ஓய்வு. மனைவிக்குப் பொய்ப்பல் செய்யும் கூடத்தில் வேலை. மூன்று வயது மகன் சொந்தப் பல்லாலேயே காப்பகத்தில் நாலு பேரைக் கடித்துவைத்தான். பெற்றோர் இருவரும் எட்டு வாரம் குழந்தை வளர்ப்பு வகுப்புக்கு வர வேண்டும் என்று காப்பகத்திலிருந்து கடிதம் வந்தது. இருவர் என்றால் அம்மா என்று கடிதம் போன எட்டு வீட்டிலும் ஒருமனதாக முடிவாயிற்று.

முதல் வாரம் அவள் வாயே திறக்கவில்லை. இரண்டாம் வாரம் பேருந்து நடத்துனராக இருக்கும் ஒருத்தி, "நேத்து பிள்ளைய அடிச்சுட்டேன். அப்புறம் குழாயத் திறந்துவிட்டுட்டு அழுதேன்" என்றாள். "நீயுமா?" என்று ஏழு குரல்கள். அதில் ஒன்று இவளுடையது. அன்றிலிருந்துதான் இவளுக்குத் தூக்கம் வந்தது. சொல்லிக்கொடுத்த மூச்சுப் பயிற்சியால் அல்ல. உலகத்தில் தான் ஒருத்தி மட்டும் ராட்சசி இல்லை என்று தெரிந்ததால்.

நிறைவு நாளுக்கு அப்பாக்களும் வந்தே தீர வேண்டுமாம். அதிகாரி எழுந்தருளினார். முதல் வாரம் அம்மாக்களுக்குக் கொடுத்த அதே மனநலக் கேள்வித்தாளை இப்போது எல்லாருக்கும் கொடுத்தார்கள். குழந்தையால் தூக்கம் கெட்டதா? இல்லை. சாப்பாடு பாதியில் நின்றதா? இல்லை. ஆத்திரம், அழுகை, குற்றவுணர்ச்சி? இல்லை, இல்லை, இல்லவே இல்லை. அதிகாரிக்கு நூற்றுக்கு நூறு! மனைவி எட்டு வாரம் படாதபாடு பட்டு முப்பதிலிருந்து அறுபதுக்கு ஏறியிருந்தாள்.

"ஒரு நாள்கூட வராமலே இவ்வளவு தெம்பா இருக்கார். அம்மாக்கள் இவர்கிட்ட கத்துக்கணும்" என்று காப்பக மேலாளர் உருகிப்போய்ச் சான்றிதழை நீட்டினார். "எல்லாம் நாம மனசை வெச்சுக்கறதுல இருக்கு" என்று அதிகாரி ஏற்புரை வழங்கினார்.

பேருந்து நடத்துனர் இவள் காதோடு, "டிக்கெட்டே எடுக்கல, ஜன்னல் சீட்டு" என்றாள்.

சான்றிதழ் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஏறியது. அடுத்த சனிக்கிழமை, செய்தித்தாளில் மூழ்கியிருந்தவர் மடியில் மனைவி மகனை உட்கார வைத்தாள்.

"போய்ட்டு சாயங்காலம் வந்துடறேங்க."

"வேணாம்னு சொன்னேன்ல? இவனை யார் பார்த்துக்கறது?"

"நூறு எடுத்தவரு வீட்ல இருக்கறப்ப, அறுபது எடுத்தவ பார்த்தா பிள்ளைக்குத்தானே நஷ்டம்?"

செருப்பை மாட்டிக்கொண்டு பாதி மாடிப்படி இறங்குவதற்குள் மேலிருந்து வீறிடல். பின்னாலேயே அதிகாரியின் குரல்: "ஏய், இவன் எதுக்கு அழறான்னு சொல்லிட்டுப் போ!"

"தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க" என்றபடி அவள் மீதிப் படிகளையும் இறங்கினாள்.