சத்தம் ஆகாத நாய்

கட்டிலுக்கு அடியில் போன நாய் வெளியே வரவில்லை. இரண்டு நாளாயிற்று. வேலாயி குனிந்து, கருவாடு பிசைந்த சோற்றுத் தட்டை உள்ளே தள்ளினாள். தட்டு சிமெந்துத் தரையில் உரசிய சத்தத்துக்கே அது சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டது. வெள்ளை உடம்பில் பெரிய பெரிய பழுப்புத் திட்டுகள். காதிலும் வாலிலும் நீளமான மயிர். இருட்டுக்குள் இருந்து அதன் கண்கள் அவளைப் பார்த்தன. அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவளுக்குப் பரவாயில்லை. பந்தியில் உட்கார்ந்த பிறகு எழுப்பிவிடப்பட்ட பெரிய மனுசன் மாதிரி அது பார்த்தது.

அப்படி என்ன செய்துவிட்டாள்? மழையில் நனைந்து வந்த நாய், மடித்து வைத்திருந்த சேலைகளுக்கு நடுவில் நின்று உடம்பை உதறியது. "சீ, வெளிய போ நாயே" என்று ஒரு அதட்டுப் போட்டாள். தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய அந்த வரிசை வீடுகளில், ஒரு நாளைக்கு நூறு தடவை விழுகிற அதட்டுதான். லயத்து நாய் என்றால் நாலடி தள்ளிப்போய் காதைச் சொறிந்துவிட்டு, அவள் திரும்பியதும் மறுபடி உள்ளே வந்து படுத்திருக்கும். இது வால் ஒடுங்கி, வயிறு தரையில் படக் கட்டிலுக்கு அடியில் போனது போனதுதான்.

யோரிஸ் அதன் பெயர். ஒல்லாந்து நாட்டில் கவுதாரி வேட்டைக்கென்று வளர்க்கிற சாதி. டிக்கோயாப் பக்கம் விருந்தினர் பங்களா நடத்திய வெள்ளைக்காரி மார்லீன் நோனாவோடு வந்தது. அந்தப் பங்களாவின் குசினியில்தான் வேலாயியின் மகள் பிரியந்தி சமையல் வேலை பார்த்தாள். நோனாவின் புருசனுக்கு உடம்பு முடியாமல் போய் இரண்டு பேரும் ஊருக்குத் திரும்ப வேண்டி வந்தது. ஒன்பது வயது நாய், இருதயம் கொஞ்சம் பலவீனம், ஓட்டம் தாங்கும், விமானத்தில் ஏற்றக்கூடாது என்று மிருக வைத்தியர் சொல்லிவிட்டார். நோனா அழுதுகொண்டே பிரியந்தியின் கையில் கயிற்றைக் கொடுத்தாள். ஒரு மாதம் பார்க்கலாம், வீட்டோடு ஒத்துவராவிட்டால் வலப்பனையில் ஒரு முதலாளி கேட்டிருக்கிறார், அவருக்குக் கொடுத்துவிடலாம் என்று பேச்சு. அந்த முதலாளியின் வீட்டை பிரியந்தி பார்த்திருக்கிறாள். வாசலில் இரண்டு இரும்புக் கூடு, கூட்டுக்குள் இரண்டு நாய்.

"நோனா அத ஒரு நாளும் சத்தம் போட்டுக் கூப்புட்டதில்லம்மா," என்றாள் பிரியந்தி. "நெறைய ஓடணும், யாராச்சும் பக்கத்துல இருக்கணும். கத்துனா மட்டும் தாங்காது."

கத்தாமல் எப்படி இருப்பது? வேலாயியின் தொண்டை தோட்டத்துக்கே தெரிந்த தொண்டை. ஏழாம் நம்பர் மலையின் உச்சியில் நின்று அவள் கூப்பிட்டால் கீழே லயத்தில் பிள்ளைகள் விளையாட்டை நிறுத்துவார்கள். பதினாறு வயதில் கூடையைத் தலையில் மாட்டியவள். மலைக்கு மலை சேதி சொல்ல கங்காணி அவளைத்தான் தேடுவார். அது போதாதென்று வாய்த்த புருசனுக்குக் காது போய்விட்டது. இராமையா முப்பத்தொரு வருசம் ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் அறையில் நின்றவர். கொழுந்தை அரைக்கிற அந்த இயந்திரங்களின் இரைச்சல் முதலில் வலது காதையும், ஓய்வு பெறுகிற நேரத்தில் இடது காதில் முக்கால் பங்கையும் தின்றுவிட்டது. எட்டு வருசமாக அந்த வீட்டில் எல்லாமே சத்தம்தான். சோறு வேண்டுமா என்பதும் சத்தம், மருந்து குடித்தீர்களா என்பதும் சத்தம். ஒரு நாள் ராத்திரி, "முதுகு வலிக்குதா, தைலம் தேச்சு விடவா" என்று அவள் கேட்டதற்கு ஆறு வீடு தள்ளியிருந்த காம்பராவில் இருந்து, "பாவம், தேச்சு விடுங்கக்கா" என்று பதில் வந்தது. லயமே சிரித்தது.

மூன்றாம் நாள் காலையில் இராமையா முகம் கழுவிக்கொண்டு வந்து கட்டிலுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நாயின் பெயர் அவருக்கு இன்னும் சரியாகக் காதில் விழவில்லை. ஒன்றும் பேசாமல் உள்ளங்கையால் நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினார். பொறுத்திருந்து மறுபடி தட்டினார். நாய் ஊர்ந்து ஊர்ந்து வந்து அவர் தொடையில் தாடையை வைத்தது. பெருமூச்சு விட்டது.

ரோலர் அறையில் வாயால் பேசுகிற பழக்கமே இல்லை. முஷ்டியைத் தூக்கினால் நிறுத்து. விரலைச் சுழற்றினால் ஓட விடு. நெஞ்சில் தட்டினால் என்கிட்ட வா. அவருக்குத் தெரிந்தது அதுதான், அதைத்தான் செய்தார். வேட்டை நாய்களைக் கைச்சாடையில்தான் பழக்குவார்கள் என்பதும், நோனாவும் அதை நெஞ்சைத் தட்டித்தான் கூப்பிடுவாள் என்பதும் பிரியந்தி பிறகு சொல்லித்தான் தெரிந்தது. வேலாயி சோற்றுத் தட்டோடு அப்படியே நின்றாள். அன்றைக்கு அந்தத் தட்டு காலியானது அவர் கையால்தான்.

அதற்குப் பிறகு மனுசனுக்கும் நாய்க்கும் ஒரே கூட்டு. விடிந்ததும் இரண்டும் மலைக்குக் கிளம்பிவிடும். தேயிலை நிரைகளுக்கு நடுவில் யோரிஸ் இந்தப் பக்கம் ஓடி, அந்தப் பக்கம் ஓடி, ஒரு நிரை விடாமல் பார்த்துக்கொண்டு வரும். மூக்கில் ஏதாவது பட்டால் வால் வட்டமாகச் சுற்றும். "புதுசா வந்த பீல்ட் ஆபீசர் மாதிரி பாக்குதே" என்று மலையில் பெண்கள் சிரித்தார்கள். முட்டி நோவோடு இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்தே இருந்த இராமையா மூன்று மைல் நடந்து, பசியோடு வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நோனா போனில் முகம் காட்டினால், யோரிஸ் போனுக்குப் பின்னால் போய் அவளைத் தேடிவிட்டு வந்து இராமையாவின் காலில் முழுப் பாரத்தையும் சாய்த்து நிற்கும்.

வீட்டில் குரல் தானாக இறங்கியது. வேலாயியும் பிரியந்தியும் உப்புக்கும் புளிக்கும் வாக்குவாதம் தொடங்கினால் போதும், நாய் எழுந்து வாசலில் மழையில் போய் நிற்கும். நனைந்த நாயை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் சண்டை பிடிப்பது? நான்கு நாள் வேலாயியின் சத்தம் கேட்காமல் பக்கத்துக் காம்பரா பேச்சியம்மா பயந்து வந்துவிட்டாள்.

"என்னடி, வீட்டுல கோவமா? ஒருத்தரோட ஒருத்தரு பேசுறதில்லையா?"

"பேசுறோம்," என்றாள் வேலாயி ரகசியம் போல. "நாய் தூங்குது."

இராமையாவோடு பேச அவளும் சாடை பழகினாள். கட்டை விரலை வாயில் வைத்தால் சாயத்தண்ணி, பால் சேராத தேநீர். தோளைத் தட்டினால் கூடை. அவர் கண்ணுக்கு நேரே போய் நின்றுதான் எதையும் சொல்ல வேண்டியிருந்தது. அடுப்படியில் இருந்துகொண்டே கத்தின காலத்தில் அவர் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. இடது புருவத்தில் நரை விழுந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. ஒரு நாள், ஸ்டோரில் தன்னைப் பற்றி மற்றவர்களிடம் எந்தச் சாடையில் சொல்வார் என்று கேட்டாள். இராமையா கொஞ்சம் கூச்சப்பட்டு, ஐந்து விரலையும் வாய்க்கு முன்னால் குவித்துப் பட்டென்று விரித்தார். கோயில் ஒலிபெருக்கி. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, நாய் எழும்பாமல் சிரித்தாள்.

ஆனாலும் யோரிஸ் அவளிடம் வரவில்லை. அதுதான் அவளுக்குள் முள்ளாகக் கிடந்தது. அவள் நெஞ்சைத் தட்டினால் வரும். இரண்டு கை தூரத்தில் நின்றுவிடும். முன்னங்காலை நீட்டும், இழுத்துக்கொள்ளும். பிறகு மரியாதையாகத் திரும்பிப் போய்விடும். காலையில் ரொட்டி சுட்டு முதல் துண்டை அதற்கென்று வைத்தாள். அவள் அந்தப் பக்கம் போன பிறகுதான் தின்றது. மாதம் முடிய ஆறு நாள் இருந்தது. அவரிடம் ஒட்டிக்கொண்டது போதாதா என்று பிரியந்தி கேட்டாள். வேலாயிக்குப் போதவில்லை. அவர் ஒரு நாள் இல்லாமல் போனால் இந்த வீட்டில் அது யாரோடு இருக்கும்?

அந்த ஒரு நாள் சீக்கிரமே வந்தது. காது காட்ட இராமையா காலை பஸ்ஸில் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போனார். பிரியந்தி, பங்களாவைப் புதிதாக எடுத்தவர்களிடம் வேலைக்குப் போய்விட்டாள். காம்பராவில் தனியாக அடைத்தால் நாய் ஊளையிட்டே இருதயத்தைக் கெடுத்துக்கொள்ளும். வேலாயி அதைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் போனாள்.

"என்னக்கா, இதுக்கும் பேரு போடவா?" என்றான் கங்காணி ஜீவராஜ். "கொழுந்து எடுக்குமா, இல்ல ஒங்கள மாதிரி கதைக்க மட்டுமா?"

"ஒன்னைய விட நல்லா மேய்க்கும்," என்றாள் பேச்சியம்மா பின்னால் இருந்து.

மலையில் கயிற்றை அவிழ்த்துவிட்டாள். யோரிஸ் அவளை விட்டு அதிகம் தள்ளிப் போகவில்லை. அவள் நிரையிலேயே முன்னால் போய்த் திரும்பி வந்தது. மத்தியானத்துக்கு மேல் கீழ்ப் பள்ளத்தில் இருந்து பனிப்புகார் வெள்ளை மூடுபனியாக ஏறத் தொடங்கியது. இரண்டு மணி இருக்கும். அவளுக்கு எட்டடி முன்னால் யோரிஸ் நின்றது. நின்றது என்றால், கல்லாகிப்போன மாதிரி. கழுத்து நீண்டு, வால் விறைத்து, வலது முன்னங்கால் மடங்கி அந்தரத்தில் நின்றது. மூக்கு ஒரு கிழட்டுத் தேயிலைச் செடியின் அடியைக் காட்டியது. மயிர்கூட அசையவில்லை. பிறகு கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஒரு தரம் வேலாயியின் பக்கம் உருட்டியது.

"புலிடி," என்றாள் பேச்சியம்மா.

போன மாதம்தான் அவளுடைய நாயை லயத்து வாசலில் இருந்து சிறுத்தை தூக்கிக்கொண்டு போயிருந்தது. சிறுத்தைதான் அவர்களுக்குப் புலி. மலையில் புலி என்றால் செய்ய வேண்டியதை யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அம்மாமார் சொல்லிக் கொடுத்தது, அவர்களுக்கு அவர்களுடைய அம்மாமார். பதினெட்டுப் பெண்களும் ஒன்றாகக் கூச்சல் போட்டார்கள். கூடையில் அடித்தார்கள், கையைத் தட்டினார்கள். எல்லாச் சத்தத்துக்கும் மேலே வேலாயியின் சத்தம் எழும்பியது. நாயைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஒரே நினைப்பில், ஒரு மாதம் அடக்கி வைத்திருந்த தொண்டையை அவள் முழுசாகத் திறந்துவிட்டாள்.

செடிக்கு அடியில் இருந்து ஒரு காட்டுக்கோழி படபடவென்று கிளம்பி மேலே பறந்தது.

யோரிஸ் திரும்பி அவளைப் பார்த்தது. ஒரு கணம்தான். பறவை ஒளிந்திருக்கிற இடத்தை அசையாமல் நின்று காட்டுவது, அது பிறந்ததே அந்த வேலைக்கு. ஒரு பிழை இல்லாமல் செய்து முடித்து, முதல் முதலாக அவளைக் கூப்பிட்டுக் காட்டியது. அதற்குக் கிடைத்த கூலி இது. வயிறு தரையில் பட அது பள்ளத்தை நோக்கி ஓடியது. புகார் அதை மூடிக்கொண்டது.

பெண்கள் கோழியைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கி, வேலாயியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்கள். இரண்டு பேர் நாயின் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டார்கள்.

"கூப்புடாதீங்கடி," என்றாள் அவள். கையை ஆட்டித் தடுத்தாள். "கூப்புட்டா இன்னும் ஓடும்."

ஜீவராஜ் அவள் கூடையை வாங்கிக்கொண்டான். மூன்று மணி பஸ்ஸில் இறங்கிய இராமையாவை அவள் ரோட்டில் மறித்தாள். அவர் கையில் மருந்துச் சீட்டு இருந்தது. அவள் நடந்ததைக் கையாலேயே சொன்னாள். நாய், கால் தூக்கியது, கோழி. அதற்குப் பிறகு ஐந்து விரலையும் வாய்க்கு முன்னால் குவித்துப் பட்டென்று விரித்தாள். இராமையா அந்தக் கையைப் பிடித்து மடக்கி, பள்ளத்தைப் பார்த்து நடந்தார்.

பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. இராமையா நின்று நின்று நெஞ்சில் தட்டினார். வெள்ளைப் புகாருக்குள் சாடையை யார் பார்ப்பது? நாய் முனகினாலும் அவருக்குக் கேட்காது. கூப்பிடத் தெரிந்தவருக்குக் காது இல்லை. காது உள்ளவள் வாயைத் திறக்க முடியாது. இந்தப் பள்ளத்தில்தான் சிறுத்தையின் கால்தடம் பார்த்ததாகப் போன வாரம் பேச்சு. புகார் இறங்கினால் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும்.

வேலாயி கண்ணை மூடிக்கொண்டாள். அவர் கையைப் பிடித்தபடி கேட்டாள். நாற்பத்தெட்டு வயது வரைக்கும் இந்த மலைக்குள் சத்தத்தை வீசித்தான் பழக்கம். இப்படி நின்று அது என்ன சொல்கிறது என்று கேட்டதில்லை. இலையில் சொட்டுகிற தண்ணீர். தூரத்தில் றொசல்லப் பக்கம் போகிற ரயில். மழைத் தண்ணீர் இறங்குகிற கானில் கல் ஒன்று புரண்டது. அதற்குப் பிறகு, குளிரில் மூக்கால் இழுக்கிற மாதிரி மெல்லிய ஒரு மூச்சு.

கையை இழுத்து அந்தப் பக்கம் காட்டினாள். இருவரும் பாசி வழுக்குகிற கரையில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார்கள். ஓரிடத்தில் அவள் அவரை நிறுத்தினாள். அவர் முன்னால் போவார் என்று வழிவிட்டாள். இராமையா போகவில்லை. விரலை அவளை நோக்கி நீட்டினார். பிறகு தன் நெஞ்சில் இரண்டு தட்டினார். நீ கூப்பிடு.

வேலாயி ஈர மண்ணில் மண்டி போட்டாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கின் ஈரம் தொடையில் ஏறியது. உள்ளங்கையை நெஞ்சில் வைத்துத் தட்டினாள். புகாருக்குள் ஒன்றும் அசையவில்லை. மறுபடி தட்டினாள். பிறகு பேசினாள். பிள்ளைக்குப் பால் கொடுத்த காலத்தில்கூட அவ்வளவு மெல்லப் பேசியிருக்க மாட்டாள்.

"யோரிசு. அது கோழிதான்டா. நீ காட்டுனது சரிதான். எங்களுக்குத்தான் தெரியல."

கீழே இருந்து காற்று ஒரு தரம் ஏறியது. புகார் விலகிய இடத்தில், கானின் அந்தக் கரையில் யோரிஸ் நின்றது. இரண்டு கை தூரம் இருக்கும். உடம்பெல்லாம் சேறு, ஒரு காதில் பன்னம் இலை ஒட்டியிருந்தது. கழுத்து அவளை நோக்கி நீண்டிருந்தது. வலது முன்னங்கால் மடங்கி அந்தரத்தில் நின்றது. மூக்கு வேலாயியின் நெஞ்சில் இருந்த கையைக் காட்டியது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். பின்னால் இராமையாவும் அசையவில்லை. தூக்கிய கால் கீழே இறங்கவில்லை. பின்னால் அதன் வால் மட்டும் மெல்ல, மிக மெல்ல, வட்டமாகச் சுற்றத் தொடங்கியது.