வீடு குளிர்கிறது என்பதற்குச் சான்று

மலைமேல் இருக்கும் எங்கள் சுரங்க ஊர் தேபெக்கில் நவம்பரிலேயே குழாய்த் தண்ணீர் உறைந்துவிடும். அதனால் குளிர்கிறது என்று சொல்ல இங்கே யாருக்கும் சான்றிதழ் தேவைப்பட்டதில்லை, போன வருடம்வரை. போன வருடம் அரசாங்கத்துக்கு மனம் இளகி, ஏழை வீடுகளுக்கு மானியம் அறிவித்தது. சுவரில் பஞ்சுப் பலகை வைத்து, இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டு, உள்ளே இருக்கும் சூடு வெளியே ஓடாமல் பார்த்துக்கொள்வார்களாம். ஒரே ஒரு நிபந்தனை: வீடு குளிர்கிறது என்று நாம் நிரூபிக்க வேண்டும்.

நான் இந்தப் பகுதியின் வட்டத் தலைவி, பெயர் பியோன் ஓக்-சுன். பெண்களுக்கு முடி சுருட்டிவிடும் கடை வைத்திருக்கிறேன். ஊர் விண்ணப்பங்களை எழுதுவதும் நான்தான். அந்த வருடம் எழுதிய முதல் ஆறும் தேறிவிட்டதால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது.

ஏழாவது விண்ணப்பம் மா கில்-சூ அண்ணனுடையது. முப்பது வருடம் சுரங்கத்தில் கரி வெட்டியவர். அந்தக் கரியில் நாடே கதகதப்பாகத் தூங்கியது. தூசி மட்டும் இவர் நுரையீரலுக்கு வந்தது. குளிர் பட்டால் மூச்சு அடைத்துக்கொள்ளும். இரண்டு குளிர்காலமாக ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பியிருக்கிறார். மூன்றாவது தடவை வந்தால் தான் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதிகாரி பார்வையிட வரும் நாளன்று அவர் மனைவி புன்-ரே அக்கா என்ன செய்தார் தெரியுமா? விருந்தாளி வருகிறார் என்று அடுப்பின் காற்றுவழியை முழுசாகத் திறந்துவிட்டார். மூன்று நாளைக்கு வைத்து எரிக்க வேண்டிய கரிக்கட்டிகள் காலையிலேயே எரிந்து தீர்ந்தன. எங்கள் வீடுகளில் அடுப்புச் சூடு தரைக்கடியில்தான் ஓடும். அடுப்பை ஒட்டிய தரைதான் அந்த வீட்டில் சூடான ஒரே இடம், கில்-சூ அண்ணன் குளிர்காலம் பூராவும் படுத்திருக்கும் இடம். அவரை எழுப்பி ஜன்னலோரம் தள்ளிவிட்டு, அதிகாரியை அங்கே உட்காரவைத்து, உருளைக்கிழங்குப் பணியாரமும் பார்லி டீயும் கொடுத்திருக்கிறார். அதிகாரி சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே வெப்பமானியை வைத்தார். முப்பத்தொன்று காட்டியது.

பத்து நாளில் கடிதம் வந்தது. 'தங்கள் இல்லம் போதிய வெப்பத்துடன் திகழ்வதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.'

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஓடிப்போய்க் கேட்டேன். புன்-ரே அக்கா அலட்டிக்கொள்ளவே இல்லை.

"வந்த மனுஷனப் பனிக்கட்டித் தரையில உக்கார வெச்சா, நாளைக்கு நான் தெருவுல தலைகாட்ட முடியுமா தலைவியம்மா?"

"தலைகாட்டாம இருங்கக்கா. அண்ணன் மூச்சு விட்டாப் போதும்" என்றேன்.

மேல்முறையீடு எழுதினேன். இந்தத் தடவை பொறுப்பு முழுக்க என்னுடையது என்று சொல்லிவிட்டேன். முந்தைய நாள் சாயங்காலமே அடுப்பை அணைக்கச் சொன்னேன். டீ கூடாது, பணியாரம் கூடாது, முகத்தில் சிரிப்பும் கூடாது. புன்-ரே அக்கா தயங்கினார். ஒரு ராத்திரிதானே, அண்ணன் கம்பளி போர்த்திக்கொள்ளட்டும் என்று அதட்டினேன். என்னுடைய கெட்டிக்காரத்தனம் அப்படி.

இரண்டாவது அதிகாரி வந்தபோது வீட்டுக்குள் நாலு டிகிரி. பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. எனக்கு உள்ளுக்குள் குதூகலம். அதிகாரி அடுப்பைத் திறந்து சாம்பலைத் தொட்டுப் பார்த்தார், தரையைத் தடவினார், ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'அடுப்பு உபயோகத்தில் இல்லை. ஆள் குடியில்லாத வீடு. மானியத்துக்குத் தகுதியில்லை.'

ஆள் குடியில்லாத வீட்டின் மூலையில் கில்-சூ அண்ணன் மூன்று கம்பளிக்குள்ளிருந்து இருமினார்.

"அதோ ஆள் இருக்காரே சார்" என்றேன்.

"எனக்குத் தெரியுதும்மா. அடுப்பு எரியலன்னா குடியில்லன்னுதான் ஃபாரத்துல இருக்கு. இருமறதுக்குன்னு தனியாக் கட்டம் இல்ல."

பாவம், நல்ல மனிதர்தான். போகும்போது பெரியவரைக் குளிரில் விடாதீர்கள் என்று எனக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனார்.

அணைந்த கரியடுப்பு லேசில் பற்றாது. நானும் அக்காவும் ஊதி ஊதி, தரை சூடேற மறுநாள் ஆகிவிட்டது. அதற்கு மறுநாள் அண்ணனுக்குக் காய்ச்சல். அன்று சாயங்காலமே ஆம்புலன்ஸ் வந்தது.

ஒரு வாரம் எனக்கு ஆஸ்பத்திரிப் பக்கம் போகத் தைரியம் வரவில்லை. ஆறு விண்ணப்பம் தேறவைத்த கை, அந்த வாரம் ஒருத்தி தலைமுடியைக்கூட ஒழுங்காகச் சுருட்டவில்லை. பிறகு ஒரு பெட்டி ஆரஞ்சு ஜூஸ் வாங்கிக்கொண்டு போனேன். திட்டுவார்கள், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

யாரும் திட்டவில்லை. புன்-ரே அக்கா ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அண்ணன் அரைக்கைச் சட்டையில் படுத்திருந்தார். மூக்கில் குழாய் இருந்தாலும் முகம் தெளிவாக இருந்தது. வெளியே பனி கொட்டியது, இரட்டைக் கண்ணாடி ஜன்னலில் ஒரு சத்தமும் கேட்கவில்லை. மருந்து கேட்கிறது, திங்கட்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அண்ணன் கையசைத்து நிறுத்தி, பக்கத்தில் வரச் சொன்னார்.

"தலைவியம்மா, வீட்டுக்கு அனுப்பாம இங்கயே வெச்சுக்கறதுக்கு ஏதாச்சும் விண்ணப்பம் இருக்கா? நீங்க எழுதினா கெடைச்சிரும்."

கிண்டலாக இருக்கும் என்று முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. எழுதுவதற்கு இடம் வேண்டுமே என்று, அக்கா ஆரஞ்சுத் தோலை மேஜையிலிருந்து ஒதுக்கிக்கொண்டிருந்தார்.