கைகள் பறந்த கோலம்

கலாதேவிக்கு ஜெலாப்பாங்கில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. ஓய்வு கிடைத்தால் கைப்பேசியில் வானியல் காணொளிதான். அதனால் பொது மண்டபத்தில் தீபாவளிக் கோலப்போட்டி என்றதும், எல்லாரும் மயிலையும் தாமரையையும் போட, அவள் ஒரு விண்மீன் மண்டலத்தையே தரையில் இறக்கினாள்.

சாயம் தோய்த்த மஞ்சள் அரிசியில் வட்டமான தட்டு, உப்பிய மையம், குறுக்கே தடித்த பட்டை. பட்டையின் இரு முனையிலிருந்தும் சுருண்டு கிளம்பும் கைகள் மட்டும் நைஸான நீலப்பொடி. மூன்று மணி நேரம் குனிந்ததில் இடுப்பே விட்டுப்போனது.

"முறுக்கு நல்லா வந்திருக்குலா," என்றார் கணவர் தர்மேந்திரன்.

"முறுக்கு இல்லைங்க, கேலக்சி!"

பக்கத்துக் கட்டத்தில் தனேஸ்வரி அழாத குறை. நீலப்பொடி தீர்ந்து, அவளுடைய மயில் வெள்ளைக் கோழியாக நின்றது.

அந்த நேரம் பார்த்து நடுவர் ஜெயபாலன் வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார். "அலாமா, என்னா பானாஸ்!" என்றபடி ஆளுயர மின்விசிறியை முழு வேகத்தில் தட்டிவிட்டார்.

நீலக் கைகள் இரண்டும் எழுந்து பறந்தன. பாதி நடுவரின் வெள்ளை ஜிப்பாவில் அப்பியது. மீதி, ஈரப்பசை காயாத மயிலின் மேல் இறங்கியது.

கலாதேவி ஓடிப்போய் விசிறியை அணைத்தாள். பிறகு கோலத்தை உற்றுப் பார்த்தாள். அரிசி அசையவில்லை. தட்டு, மையம், பட்டை எல்லாம் அப்படியே. பெயர் அட்டையில் 'பட்டைச் சுருள் மண்டலம்' என்பதை அடித்துவிட்டு, 'பட்டை லென்ஸ் மண்டலம்' என்று எழுதினாள்.

"கை எங்கேம்மா?" என்றார் ஜெயபாலன்.

"இது லென்ஸ் வடிவ மண்டலம், இதுக்குக் கை கிடையாது சார். சில மண்டலம் பெரிய மண்டலக் கூட்டத்துக்குள்ள வேகமா பாயுறப்ப அதோட வாயு உரிஞ்சி போயிடும். வாயு போனா புது விண்மீன் பிறக்காது, நீலக் கை மங்கிடும். பழைய மஞ்சள் விண்மீனும் பட்டையும்தான் மிச்சம்."

"வாயுவை யாரு உரிச்சது?"

"இங்க நீங்கதான் சார்."

"எனக்கு இருக்கிற வாயுவையும் உரிச்சிவிடச் சொல்லேன்," என்றார் தர்மேந்திரன்.

முதல் பரிசு, 'இறகில் அபாரமான நீலச் சாயல்' காட்டிய தனேஸ்வரிக்கு. ஜிப்பாவைத் தட்டிக்கொண்டே ஜெயபாலன் கலாதேவிக்கு மூன்றாம் பரிசு கொடுத்தார்.

கோலத்தைப் படமெடுத்து, வானியல் அன்பர்களின் வாட்சாப் குழுவில் போட்டாள். எப்போதும் மழை கொட்டும் தைப்பிங்கிலிருந்து யுவனேஸ்வரன் உடனே கேட்டார்: "அருமை! எந்தத் தொலைநோக்கி?"

உண்மையைச் சொல்ல அவளுக்கு மனசே வரவில்லை. "தைப்பிங்ல மழை விட்டதும் நீங்களும் பாருங்கண்ணே," என்று அனுப்பிவிட்டாள்.