இருபத்தேழாம் நம்பர் பத்தி

சடையப்பனுக்கு இங்கிலீஷ் மேல் பகை ஒன்றும் கிடையாது. இங்கிலீஷுக்குத்தான் அவன் மேல் தீராத பகை. பதினோராம் வகுப்புப் பரீட்சையில் தமிழ், கணக்கு, விஞ்ஞானம், சரித்திரம் எல்லாவற்றிலும் தேறி, இங்கிலீஷில் மட்டும் இருபத்தெட்டு மார்க் வாங்கிக் குப்புற விழுந்தவன். அதற்கப்புறமும் நாலு தடவை மனுப்போட்டு எழுதிப் பார்த்தான். முப்பத்தைந்து வேண்டிய இடத்தில் ஒரு தடவை முப்பத்திரண்டு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தான். அந்த மூன்று மார்க்கை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்கு வயிறு எரியும்.

மாகறலிலிருந்து இரண்டு மைல் உள்ளே தள்ளி அவன் ஊர். ஊர் ஏரிக்கு அவன்தான் லஸ்கர். மதகைத் திறப்பது, மூடுவது, கரையில் எலி வளை, நண்டு வளை பார்த்து அடைப்பது, மழைக்காலத்தில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று ஆபீசுக்கு எழுதி அனுப்புவது, இதெல்லாம் லஸ்கர் வேலை. ஒன்பது வருஷமாக ஒரு குறை சொல்ல இடம் வைக்காமல் பார்த்தான். ஆனால் தற்காலிகம். பாழாய்ப்போன அந்த ஒரு வார்த்தை ஒன்பது வருஷமாக அவனை விடவில்லை.

அந்த வருஷம், 1980 ஆவணியில், ஆபீசிலிருந்து சேதி வந்தது. எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர்களை நிரந்தரம் பண்ணப்போகிறார்கள். தேறாதவர்கள் தை மாதத்திலிருந்து வர வேண்டாம். அது மட்டும் இருந்தால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். அதுவும் முடியாது. பத்தாம் வகுப்போடு முடிகிற புதுப் படிப்பு வந்துவிட்டபடியால், பழைய பதினோராம் வகுப்புக்காரர்கள் எழுதுவதற்கு இந்த அக்டோபர்தான் கடைசி என்று பேப்பரில் போட்டுவிட்டார்கள். முப்பத்து மூன்று வயசு. ஒரு காணி நிலம் கிடையாது. இரண்டு பெண் குழந்தைகள். மனைவி பவளம் நடவுக்கும் களைக்கும் போய்க்கொண்டிருக்கிறவள். இந்த வேலையும் போனால் அவனும் அவளோடு போய் வரப்பில் நிற்க வேண்டியதுதான். வருஷத்தில் பாதி நாள் வரப்பிலும் வேலை இருக்காது.

உத்திரமேரூரில் வேதகிரி என்று ஒருவர் டியூடோரியல் நடத்தினார். விழுந்தவர்களைத் தூக்கி நிறுத்துகிறவர் என்று பெயர். சடையப்பன் சைக்கிளை மிதித்துக்கொண்டு அவரிடம் போய் நின்றான். போன தடவை எங்கே சறுக்கினாய் என்று கேட்டார் வேதகிரி.

"காம்ப்ரஹென்ஷன்ல சார். பத்தியைப் படிச்சிக்கினே இருப்பேன். மூணாவது வரியில ஒரு வார்த்தை புரியாது. அதையே மொறச்சிக்கினு கீறப்ப பெல் அட்ச்சிடுவான்."

"உன்னை யாரு படிக்கச் சொன்னது?" என்றார் வேதகிரி.

அவர் வழியே தனி. அறுபது பத்திகள் அடங்கிய ஒரு நோட்ஸ் வைத்திருந்தார். எந்தப் பரீட்சையானாலும் இந்த அறுபதில் ஒன்றுதான் வரும், பத்து வருஷமாக வந்திருக்கிறது என்றார். ஒவ்வொரு பத்திக்கும் ஒரு நம்பர். முதல் வரியைப் பார், நம்பரைப் பிடி, அந்த நம்பருக்குள்ள ஐந்து பதிலையும் எழுது, எழுந்து வா. இரண்டாவது வரிக்குப் போகக்கூடாது. போனால் குழப்பம். காம்ப்ரஹென்ஷனுக்கு மட்டும் இருபது மார்க். அதை முழுசாக வாங்கிவிட்டால் பாக்கிப் பதினைந்தைக் கடிதத்திலும் கட்டுரையிலும் பொறுக்கிக்கொள்ளலாம்.

"அர்த்தம் கொஞ்சம் சொல்லிக் குடுத்தா நல்லாருக்கும் சார்," என்றான் சடையப்பன்.

"அர்த்தம் தெரிஞ்சிக்கினு இன்னா பண்ணப்போற? உனக்கு பாஸ் ஆவணுமா, அர்த்தம் வேணுமா?"

பாஸ்தான் வேண்டும். நோட்ஸை வாங்கி சைக்கிள் கேரியரில் வைத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பினான்.

இரண்டு மாதம் அந்த மனுஷன் பட்ட பாட்டை என்னத்தைச் சொல்ல. காலையில் கரையைச் சுற்றி வரும்போது ஒன்றிலிருந்து இருபது. வெயில் ஏறியதும் மதகு மேடையில் உட்கார்ந்து இருபத்தொன்றிலிருந்து நாற்பது. சாயந்தரம் பாக்கி. அறுபது முதல் வரி, முந்நூறு பதில், அத்தனையும் மண்டைக்குள் ஏற வேண்டும். மாடு மேய்க்கிறவர்கள் அவன் முணுமுணுப்பதைப் பார்த்து லஸ்கருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். ஆகிவிட்டதுதான். நாற்பத்தொன்று ஏறினால் பதினேழு இறங்கிவிடும். பதினேழைப் பிடித்து வைத்தால் முப்பத்திரண்டு காணாமல் போகும். ஒரு நாள் மத்தியானம் ஒன்பதாம் நம்பரின் மூன்றாவது பதில் நினைவுக்கு வராமல் மதகுக் கல்லில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். கஞ்சி கொண்டு வந்த பவளம் பார்த்துவிட்டாள்.

"இன்னாயா இது, சின்னப் புள்ளையாட்டம்," என்று தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். "இனிமே என் எதிர்ல சொல்லு. நான் கேக்கறேன்."

அவளுக்குத் தமிழே எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆனால் அவன் சொல்லச் சொல்லக் காதால் வாங்கிக்கொண்டு, நாலே வாரத்தில் அறுபது முதல் வரிகளையும் ஓசை பிசகாமல் சொல்ல ஆரம்பித்தாள். நாற்று நட்டுவிட்டு வந்த காலைக் கூடக் கழுவாமல், "தேர் வாஸ் எ பிக் லேக் நியர் எ வில்லேஜ்," என்பாள். அவன் உடனே, "இருபத்தேழு," என்பான். ஒரு கிராமத்துக்குப் பக்கத்தில் பெரிய ஏரி ஒன்று இருந்தது என்று அர்த்தம். அதில் ஏரி இருக்கிறதே என்று அந்த நம்பர் மேல் இருவருக்கும் ஒரு பிரியம். வேட்டைக்கு வந்த ராஜா ஒருவன் ஏரியில் இரண்டு அன்னங்களைப் பார்க்கிறான், ஐந்தாவது பதிலில் அன்னங்கள் பறந்துபோகின்றன. அந்தப் பத்தியில் சடையப்பனுக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

பரீட்சை காஞ்சிபுரத்தில். அன்றைக்கு விடியற்காலையிலிருந்தே தூறல். ஏரியைப் பக்கத்து ஊர் லஸ்கரிடம் ஒப்படைத்துவிட்டு, பவளத்தையும் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடித்தான். அவள் வர வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை. அவனைத் தனியாக விட அவளுக்கு மனசு வரவில்லை. ஓரிக்கையில் பாலாற்றைத் தாண்டுகிற வரைக்கும் முதல் வரிகளைக் காதோடு காதாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். முன் சீட்டுக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

ஹாலில் கேள்வித்தாளைக் கையில் வாங்கினான். பத்தியைத் தேடினான். மூன்றாம் பக்கத்தில் இருந்தது. தேர் வாஸ் எ பிக் லேக் நியர் எ வில்லேஜ்.

இருபத்தேழு. கண்ணை மூடித் திறந்து மறுபடி பார்த்தான். இருபத்தேழேதான். பேனாவைத் திறந்து முதல் பதிலை எழுதினான். ராஜா வேட்டையாடுவதற்காக ஏரிக்கு வந்தான். இரண்டாவது பதிலை எழுத ஆரம்பிக்கும்போது கண், வேண்டாத கண், பத்தியின் நடுவில் போய் விழுந்தது. அங்கே ஒரு வார்த்தை இருந்தது. ஷட்டர். மதகின் இரும்புப் பலகை மேல் வெள்ளைப் பெயின்டில் ஆபீசுக்காரர்கள் அதே இங்கிலீஷ் எழுத்தில்தான் எழுதி வைத்திருந்தார்கள். ஒன்பது வருஷமாகத் தினமும் பார்க்கிற வார்த்தை. அதில் அவன் ஏமாறவே மாட்டான்.

ராஜா கதையில் ஷட்டர் எங்கே வந்தது?

பேனா நின்றுவிட்டது. படித்துப் பார்க்கலாமா என்று தோன்றியது. அடுத்த வரியில் பார்வையை வைத்தான். ரெயின் தெரிந்தது. அப்புறம் தெரியாத வார்த்தை ஒன்று. அதற்கப்புறம் இன்னொன்று. ஐந்து தடவை இதே மாதிரி ஒரு வார்த்தையில் கால் மாட்டித்தானே மணி அடிக்கிற வரைக்கும் கிடந்தோம் என்று நினைத்துக்கொண்டான். உன்னை யாரு படிக்கச் சொன்னது என்று வேதகிரி தலைக்குள் அதட்டினார். ராஜாவின் அரண்மனைக்கு ஷட்டர் இருக்காதா என்ன, இருக்கட்டுமே. பார்வையைப் பிடுங்கி விடைத்தாளில் வைத்தான். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. இரண்டு அன்னங்களும் பறந்து சென்றுவிட்டன. முத்து முத்தாக எழுதி, கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டான்.

வெளியே வந்தபோது தூறல் நின்றிருந்தது. பள்ளிக்கூடத்து வாசலில் புங்கமரத்தடியில் நின்ற பவளம், அவன் முகத்தைப் பார்த்ததுமே ஓடி வந்தாள்.

"வந்துச்சா?"

"இருபத்தேழு."

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் தளும்பிவிட்டது. "நம்ம ஏரி நம்பரு," என்றாள்.

அப்போதுதான் மெஹர்பானு வந்தாள். உத்திரமேரூர் கடைத்தெருவில் வளையல் கடை வைத்திருக்கும் நசுருதீனின் மகள். வேதகிரியிடம் இவனோடு ஒரே வகுப்பில் அந்த அறுபதையும் நெட்டுருப் போட்டவள். முக்காட்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"அண்ணா, நீங்களும் இருபத்தேழைத்தான் எழுதினீங்களா?"

"ஆமா பாப்பா. சுத்தமா எய்திட்டேன். நீ இன்னாத்துக்கு அழுவற?"

"அது இருபத்தேழு இல்ல அண்ணா. மொதல் வரி மட்டுந்தான் அது. மிச்சமெல்லாம் வேற. நான் மூணு பதில் எழுதினப்பறம்தான் பாத்தேன். அடிச்சிட்டு எழுதறதுக்குள்ள டைம் பூட்ச்சு."

சடையப்பன் சிரித்தான். சிரிப்பு மாதிரிதான் இருந்தது. "நீ கொயம்பிப்பூட்ட. எங்க, கேள்வியைப் படி."

அவள் கேள்வித்தாளைப் பிரித்தாள். ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்து, தெரிந்த வரைக்கும் தமிழில் சொன்னாள். "மழை உடாம பேஞ்சி ஏரி ரொம்பிச்சாம். காவக்காரன் ஒருத்தன் ஷட்டரைத் தொறந்து தண்ணியை உட்டுட்டானாம். ஏன் தொறந்தான்னு கேக்கறாங்க."

"கரை கசிஞ்சிருக்கும்," என்றான் சடையப்பன். யோசிக்கக்கூட இல்லை.

அவள் பத்தியில் தேடினாள். "ஆமா அண்ணா. அப்டித்தான் போட்டுக்கீது."

"ரெண்டாவது?"

"கசியறது ஆபத்துன்னு அவனுக்கு எப்டித் தெரிஞ்சுது?"

"தண்ணி தெளிவா கசிஞ்சா பயமில்ல. கலங்கலா வந்தா உள்ள மண்ணு கரைஞ்சிக்கினு கீதுன்னு அர்த்தம். கலங்கலா வந்திருக்கும். போட்டுக்கீதா?"

அவள் தலையை ஆட்டினாள். அவன் குரல் அடங்கிக்கொண்டே போனது. "மூணு?"

"ஊர்க்காரங்களுக்கு ஏன் கோவம்?"

"ரெண்டாம் போவத்துக்கு ஆவுற தண்ணியாச்சே. அதைத் தொறந்து உட்டா திட்டமாட்டானா? ரெண்டு வருசத்துக்கு முன்னால மம்முட்டியைத் தூக்கிக்கினு என்னியே வெட்ட வந்தாங்க."

"தொறக்காம இருந்திருந்தா இன்னா ஆயிருக்கும்னு நாலாவது."

"ஊரு இருந்திருக்காது," என்றான். மரத்தடி ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

பவளத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவள் கேட்பதும் அவன் பட்பட்டென்று சொல்வதும், இவள் சரி சரி என்று தலையாட்டுவதும்தான் அவளுக்குத் தெரிந்தது. ஒன்பது வருஷத்தில் தன் புருஷனிடம் இப்படி மரியாதையாக ஏரியைப் பற்றி யாரும் கேட்டு அவள் பார்த்ததில்லை. முகமெல்லாம் பூரித்துப்போய்ப் பக்கத்தில் குந்திக்கொண்டாள்.

"அதான் எல்லாத்தையும் கரெக்டா சொல்றாரே, அப்பறம் இன்னாத்துக்குமா அழுவற? அஞ்சாவது இன்னா, அதையும் கேளு."

மெஹர்பானு தயங்கினாள். "அந்தக் காவக்காரன் எப்டியாப்பட்ட ஆளு, உன் சொந்த வார்த்தையில ரெண்டு வரி எழுதுன்னு போட்டுக்கீது அக்கா."

"இதையா கேட்டுக்கீறாங்க?" என்றாள் பவளம். அவன் தோளைத் தொட்டு, "இதுக்கு ரெண்டு வரி போதுமா? சொல்லுயா, நீ இன்னா எய்தினே?" என்றாள்.

சடையப்பன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"ரெண்டு அன்னமும் பறந்துபூட்ச்சின்னு எய்திட்டேன், பவளம்."