அப்பா புல்லு வெட்டிய இடம்

இலைச்சாறு ஊறிய தாளில் நிறம் காட்டும் நின்ஹைட்ரின் மருந்தைத் தெளித்துச் சூடாக்கி எடுத்தேன். மற்ற அமினோ அமிலங்கள் வழக்கம்போல ஊதாவாகத்தான் வந்திருந்தன. மஞ்சளாக வந்தவை இரண்டு. ஒன்று, சந்தன இலையில் அபூர்வமாகத் தனித்துக் கிடக்கும் ஹைட்ராக்ஸிபுரோலின். பக்கத்தில் புரோலின். போன மாதம் அதைக் கண்ணைச் சுருக்கித் தேட வேண்டியிருந்தது. இன்று சட்டைப் பொத்தான் அளவுக்குப் பரந்து கிடந்தது. மறுபடியும் செய்தேன். அப்படியேதான் வந்தது. தண்ணீருக்குத் தவிக்கும் செடிதான் அதை இப்படிச் சேர்த்து வைக்கும். அந்த மரம் நிற்கும் பொகவந்தலாவையிலோ பத்து நாளாக விடாத மழை.

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மரம் அது. நான் கண்டிக்குப் படிக்க வருவதற்கு முன்பே அப்பா நட்டது. மாதாமாதம் இலை பறித்துப் பழைய பேப்பரில் சுற்றி, காலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்து விடுவார். என் ஆய்வு முழுக்க அந்த ஒரு மரம்தான். போன் போட்டேன்.

“மரத்துக்கு என்ன செஞ்சீங்கப்பா?”

“எலைய பாத்தே தெரிஞ்சிருச்சா?” அப்பாவின் குரலில் அவ்வளவு பெருமை. “சுத்தி ஒரு புல்லு இல்ல இப்ப. பக்கத்துல நின்ன அந்தக் கொய்யாவையும் வேரோட தோண்டிட்டேன். சும்மா ஒரத்த தின்னுக்கிட்டு நின்னுச்சு. இனிமே ஒம் மரம் தனியா நல்லா வரும், புள்ள.”

இருபத்தைந்து வருடம் தேயிலைக்குள் புல்லு வெட்டியவர் வேறென்ன செய்வார். தப்பு என்னுடையது. இலைக்குள் என்னென்ன இருக்கிறது என்று வாய் ஓயாமல் சொன்ன நான், சந்தனம் பக்கத்து மரத்தின் வேரிலிருந்து தண்ணீரும் சத்தும் உறிஞ்சித்தான் வாழும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் முதுகொடிய உழைத்துத்தான் நான் படிக்கிறேன். அவரிடம் போய் இந்த மரம் ஒட்டுண்ணி என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது சொன்னேன்.

“கொய்யாகிட்டயிருந்தா சாப்புட்டுச்சு?” என்று கேட்டார். பிறகு போனை வைத்துவிட்டார்.

மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். ஹட்டனில் அடுத்த பஸ்ஸுக்கு நின்ற அரைமணி நேரத்தில் நாலு தடவை போன் போட்டேன். அவர் எடுக்கவில்லை.

அப்பா வேலைக்குப் போகவில்லை. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மழையில் மரத்தடியில் முழங்காலிட்டிருந்தார். சந்தன இலைகள் வெளுத்துத் தொங்கின. விறகுக்குப் போட்ட கொய்யாவை இழுத்து வந்து பழைய குழியிலேயே நிறுத்தியிருந்தார். மண்ணைக் கையால் கிளறி, அறுந்த வேர்களை ஒவ்வொன்றாகச் சந்தன வேரோடு சேர்த்து, கிழித்த சைக்கிள் டியூப்பால் கட்டிக்கொண்டிருந்தார். நான் வந்தது தெரிந்தும் நிமிரவில்லை.

“எது எதோட சேந்திருந்துச்சுன்னு தெரியலயே, புள்ள.”

அது இனிப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். பையைக் கீழே போட்டுவிட்டு, அவர் நீட்டிய இரண்டு வேர்நுனிகளையும் சேர்த்துப் பிடித்தேன். அப்பா டியூப்பை இறுக்கிச் சுற்ற ஆரம்பித்தார்.