பேரம் படிவதற்குள் ஆறிவிடும் எஞ்சின்

1
இந்தக் கதை என் சொந்தச் சரக்கில்லை. பாத்திரக்கடை வைத்திருக்கும் என் மாமா தன் மினிவேன் படுத்திய பாட்டைச் சொல்லிப் புலம்பினார். ஆறுதல் சொல்வதுபோல் தலையாட்டிக்கொண்டே கதையை அமுக்கிக்கொண்டேன்.

'உச்சி வெயிலில் தார்ச்சாலை ஒரு கரிய நதியாக…'

(அடித்துவிட்டேன். "நதி எதுக்குடா? வண்டி நின்னுபோச்சுன்னு எழுதேன்" என்பார் மாமா.)

வண்டி நின்றுபோனது. காலையில் சமர்த்தாகக் கிளம்பும். எஞ்சின் சூடேறியதும் நடுரோட்டில் பொசுக்கென்று அணையும். ஆறினால் மறுபடி ஓடும். மாமாவின் மகளுக்கோ நிறைமாதம். ஆஸ்பத்திரி ஊரின் மறுகோடியில்.

(டாக்சி இல்லையா என்கிறீர்களா? சொந்த வண்டி இருக்க வாடகை வண்டியா! என் மாமாவைத் தெரியாமல் பேசுகிறீர்கள்.)

2
சூட்டில் நின்ற வண்டியை ஒவ்வொரு முறையும் ஒர்க்‌ஷாப்புக்குத் தள்ளிக்கொண்டு போவார். பானட்டைத் திறக்குமுன் கூலி பேசியாக வேண்டும்.

"பாக்கறதுக்கே காசா? என் கடையில பானையைத் தட்டிப் பாக்கறவங்ககிட்ட நான் காசா வாங்கறேன்?"

"பானை நடுரோட்டுல நிக்காது முதலாளி" என்பார் மெக்கானிக்.

பேரம் படிவதற்குள் எஞ்சின் ஆறிவிடும். சாவியைத் திருப்பினால் பூப்போல ஓடும். "நல்லாத்தானே இருக்கு, காசு எதுக்கு?" என்று மாமா ஜெயித்த முகத்தோடு கிளம்புவார். அடுத்த நாளும் தள்ளுவார்.

கடைசியில் மெக்கானிக்கே வெடித்தார்: "சூட்டுல ஏதோ ஒரு பார்ட் மக்கர் பண்ணுது. சூடா இருக்கறப்பவே பாத்தாத்தான் பிடிபடும். நீங்க பேசிப் பேசியே ஆத்திடறீங்க!"

3
(இங்கே மாமா திருந்துவதாக ஒரு பத்தி எழுதினேன்.* நானே நம்பவில்லை, அடித்துவிட்டேன்.)

* பத்திரிகை ஆசிரியர் கேட்ட நீளத்துக்காக எழுதியது. அந்த நீளத்தைக் குறைக்கச் சொல்லி அவரிடம் அரைமணி நேரம் பேரம் பேசினேன். நானும் மாமாவின் கடையில் வளர்ந்தவன்தான்.

4
மகளுக்கு வலி எடுத்தது. வண்டி கிளம்பியது, சூடேறியது, சரியாக ஒர்க்‌ஷாப் எதிரே நின்றது. மெக்கானிக் டெஸ்டரோடு ஓடிவந்தார்.

"காசே வேணாம் முதலாளி! தள்ளி நில்லுங்க, சூடு இருக்கறப்பவே பாத்துடறேன்."

மாமா நகரவில்லை. முதலில் சொன்ன விலைக்கு ஒப்புக்கொண்டு அவருக்குப் பழக்கமே இல்லை.

"அப்பா, வாயைத் திறக்காதீங்கப்பா!" என்று பின்சீட்டிலிருந்து மகள் கத்தினாள்.

மாமா வாயைத் திறந்தார்.

இங்கே நிறுத்திவிட்டேன். அவர் பேசப்போவது என்ன என்பது இனி உங்கள் பொறுப்பு. யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் இழுக்காதீர்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள், எஞ்சின் ஆறிக்கொண்டிருக்கிறது.