பித்தளை ஏணி

தேனி கடைவீதியில் பொன்னுராஜ் பிளாக் கடை வைத்திருந்தார். நோட்டீசுக்கும் பத்திரிகைக்கும் வேண்டிய படங்களைத் தகட்டில் ஆசிட்டால் அரித்தெடுத்து அச்சகங்களுக்குக் கொடுப்பது தொழில். அவருடைய தம்பி ஜேசுராஜ் சரக்குக் கப்பலில் எஞ்சின் வேலை பார்த்தான். எழுபத்தேழாம் வருஷத்துப் புயலில் அந்தக் கப்பல் நடுக்கடலில் முழுகியது. உடல் கிடைக்கவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் ஜேசுராஜின் மனைவி சுகிர்தம் ஒரே பதிலைச் சொன்னாள். "மேல ஏறி வந்திருப்பாக. வேற கப்பல்காரக யாராச்சும் காப்பாத்திருப்பாக." அவள் அழவில்லை.

பொன்னுராஜோ தம்பி அனுப்பிய போட்டோவைப் பார்த்து, தேக்கில் அந்தக் கப்பலை ஒரு முழ நீளத்துக்குச் செதுக்கத் தொடங்கினார். ஏணியும் கைப்பிடிக் கம்பியும் மரத்தில் நிற்கவில்லை. சீவச் சீவ ஒடிந்தன. அதனால் அவற்றைத் தாளில் பெரிதாக வரைந்து, கேமராவில் சிறிதாக்கி, படம் பதியும் மருந்து பூசிய மெல்லிய பித்தளைத் தகட்டில் ஏற்றினார். ஆசிட் தொட்டியில் மற்ற இடமெல்லாம் கரைந்துபோக, முடிக் கனத்துக்குக் கம்பிகள் மிஞ்சின.

அவற்றைப் பிளேடால் நறுக்கி மடித்துக் கொடுக்கச் சுகிர்தம் தானாகவே வந்து உட்கார்ந்தாள். அவள் விரலுக்கு அந்த வேலை படிந்தது. ஆனால் பொன்னுராஜ் ஒட்டியதைப் பிய்த்துவிட்டு மறுபடி தகடு போடுவார்.

"நல்லாத்தான இருக்கு அத்தான்?"

"இல்லத்தா. கம்பி கோணியிருக்கு."

ஒரு வருஷமாகியும் கப்பல் முடிந்தபாடில்லை.

அப்போதுதான் தேவாரத்திலிருந்து அழகுமலை வந்தான். அந்தக் கப்பலில் பிழைத்தவன். அதுவரை இந்த வீட்டுக்கு வரத் துணியாதவன். மேசைமேல் இருந்த கப்பலைக் கண்டதும் நின்றுவிட்டான். பிறகு கிட்டப் போய்ப் பின்பக்கத்தில் இன்னும் ஏணி வைக்காத பள்ளத்தைத் தொட்டான்.

"இங்கன ஒரு ஏணி இருந்துச்சு மதினி. அண்ணன் அதுல ஏறி மேல வந்துட்டாக."

சுகிர்தம் எழுந்தாள். "வந்துட்டாகளா?"

"வந்தாக. கீழ ரெண்டு பேரு மாட்டிக்கிட்டானுகன்னு திரும்ப இறங்குனாக. நான் கையப் பிடிச்சேன், உதறிட்டாக. அப்புறம் கப்பல் சாஞ்சிருச்சு."

அவன் போன பிறகு சுகிர்தம் தகட்டிலிருந்து ஏணியை நறுக்கினாள். ஒவ்வொரு படியையும் இடுக்கியால் திருப்பி மட்டப்படுத்தினாள். பள்ளத்தில் வைத்துத் தானே ஒட்டினாள். பிறகுதான் அழுதாள். பொன்னுராஜ் பக்கத்திலேயே நின்றார்.

"அத்தான், இதை அடக்கம் பண்ணிருவோம்."

"கொடிமரம் இன்னும் வைக்கலயே தாயி. கம்பியவும் ஒருதடவ மாத்தணும்..."

"போதும் அத்தான். அவுகளுக்கு ஒரு குழி வேணும்."

பொன்னுராஜ் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். முடித்துவிட்டால் தம்பியும் முடிந்துபோவான் என்றுதான் பிய்த்துப் பிய்த்து ஒட்டிக்கொண்டிருந்தது அவருக்கே அப்போதுதான் விளங்கியது.

போதகர் முதலில் தயங்கினார். சுகிர்தத்தின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். வெள்ளைத் துணி விரித்த சின்னப் பெட்டியில் கப்பலைப் பொன்னுராஜே வைத்து மூடினார். கல்லறைத் தோட்டத்தில் ஜெபம் முடிந்ததும் சுகிர்தம் முதல் மண்ணைப் போட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பாய் விரித்துப் படுத்துத் தூங்கிப்போனாள். பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை. யாரும் எழுப்பவுமில்லை.